முதல் எண் வாசலுக்கு

உல்ஜான் அந்த மாவு ஆலையின் வலையமைப்பைப் பதினோரு ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வருகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஐபி முகவரி எண். எல்லாம் அவள் பதிவேட்டில் உண்டு. ஆனாலும் ஷிம்கென்ட் ஊரில் பேச்சு வேறு. முதலாளியின் தம்பி மனைவி, அதனால் கிடைத்த நாற்காலி என்றார்கள். அந்தப் பேச்சு அவளோடு நிற்கவில்லை. புகுந்த வீட்டின் மேலும் விழுந்தது.

அறுவடை மாதம். காலை பத்து மணிக்கு எடைமேடையில் ரசீது வருவது நின்றது. கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். கோதுமை லாரிகள் சாலைவரை நின்றன. இந்த வேலையைத் தன் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாக வாங்க அல்மாட்டியிலிருந்து வந்த தாமிர் அவள் அறையிலேயே உட்கார்ந்திருந்தான். கையெழுத்து அன்று மாலை.

"அக்கா, இதான் தனியாளா பாத்துக்கிற லட்சணம். எங்ககிட்ட விட்டுடுங்க."

"டீ ஆறுது. குடி தம்பி."

எடைமேடை ஜுமாபெக் தலையை நீட்டினான். "அக்கா, டிரைவருங்க என்னையே மேடையில ஏத்தி எடை போட்டுருவாங்க!"

ஒன்றாம் எண் யாரிடம் என்று உல்ஜான் கணினியில் தட்டி வலையமைப்பைக் கேட்டாள். அது ரவுட்டரின் எண்; எடைமேடை ரசீது உட்பட ஆலையிலிருந்து வெளியே போகும் எதுவும் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு குரல்கள் பதில் சொல்லின. ஒன்று ரவுட்டர். இன்னொன்று பதினான்காம் கேபிளின் முனையில் இருந்தது. அந்தக் கேபிள் போவது முதலாளியான மூத்தாரின், அவள் கணவனுடைய அண்ணனின், அறைக்கு.

அவளுக்கு விளங்கிவிட்டது. நேற்று அவருக்குப் புதுக் கணினி வந்தது. வீட்டுக்கு மூத்தவர் என்று முதல் கோப்பையும், விருந்தில் ஆட்டுத் தலையும் அவருக்குத்தான். கணினி எண்ணைக் கேட்ட கட்டத்தில் ஒன்றைத் தவிர அவர் வேறு எதைப் போடுவார்?

"யாரோடது அது? பேரச் சொல்லுங்க," என்றான் தாமிர்.

புகுந்த வீட்டு மூத்தவர் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. வெளியாள் முன் அவரைத் தலைகுனிய வைப்பது அதைவிடப் பெரிது. சொல்லாவிட்டால் மாலையில் நாற்காலி போய்விடும்.

பதினான்காம் இணைப்பைத் துண்டித்தாள். இரண்டே நிமிடத்தில் ரசீது வரத் தொடங்கியது, லாரிகளின் ஹாரன் ஓய்ந்தது.

"பேரு கேட்டேனே?"

"என் பொறுப்புல நடந்தது. என் தப்புன்னே எழுதிக்கோ."

தாமிர் பேனாவை எடுத்தான்.

"எழுதாத." தன் கணினியில் இணைப்பு போனதைக் கேட்க வந்த மூத்தார் வாசலில் நின்றார். எல்லோரும் எழுந்தார்கள். "அது என்னோடது. ஒண்ணாம் நம்பர நாந்தான் போட்டேன். இந்த ஆலையில எனக்கு முன்னாடி யாரு இருக்கான்னு நெனச்சேன்."

"வாசல் இருக்கு, பெரியத்தான்," என்றாள் உல்ஜான், பணிவாக, ஆனால் குரல் தாழாமல்.

"அப்ப எனக்கு எது?"

"எழுபத்து மூணு காலியா இருக்கு."

அது பொட்டலக்கூடத்துப் பிரிண்டரின் எண்ணுக்கும் கிடங்குக் கேமராவின் எண்ணுக்கும் நடுவில். தாமிர் சிரிப்பை அடக்கினான். மூத்தார் சிரிக்கவில்லை.

"போடும்மா." பிறகு தாமிரிடம், "பெஷ்பர்மாக் வெந்துக்கிட்டிருக்கு, சாப்பிட்டுட்டுக் கெளம்பு. கையெழுத்து கிடையாது." அங்கேயே நின்றிருந்த ஜுமாபெக்கைப் பார்த்தார். "எல்லார்கிட்டயும் சொல்லு. எங்க வீட்டு மருமககிட்ட கேக்காம இங்க ஒருத்தனும் நம்பர் எடுக்கக் கூடாது. நானும்தான்."

உல்ஜான் நிமிர்ந்து உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள்.