தார்தோ வாயைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

ஹெச்டி டிவி வாங்கலாமா, போடுகிற காசுக்குத் தகுமா என்று எங்கள் ஆரஞ்சு ஷெட்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் ஊர் சால்தோவில் அதை முதலில் வாங்கியவள் நான் இல்லை. ஆனால் அதற்காக ஒரு தெருவையே வாய் மூட வைத்தவள் நான்தான் என்று பேராகிவிட்டது. அது என் வீட்டுக்காரர் ஏபெர் பார்த்த வேலை. சொன்னால் யார் நம்புகிறார்கள்.

ஷெட்டில் எனக்குப் பழம் பிரிக்கும் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் ஆரஞ்சில் கடுகளவு புள்ளி இருந்தாலும் என் கை தானாகப் போய் எடுத்துவிடும். பதினெட்டு வருடப் பழக்கம். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, டிவியில் பெற்ற பிள்ளையைப் பார்த்தால் எது அவன் என்று தெரியாது. என் மகன் காஸ்தோன் தலைநகரத்தில், இரண்டாம் பிரிவுக் கால்பந்து அணி ஒன்றில் ஆடுகிறான். பச்சைச் சட்டை, ஒன்பதாம் எண். எங்கள் பழைய டப்பா டிவியில் பதினோரு பச்சைப் புள்ளிகள் ஓடும். ஆன்டெனா நுனியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுற்றி வைத்தால் புள்ளிகளுக்குக் கால் முளைக்கும். அவ்வளவுதான்.

"எனக்கு என் பையனோட மூஞ்சி தெரியணும்" என்றேன்.

"மூஞ்சியா கோல் போடுது? கால்தானே போடுது. கால் தெரியுதுல்ல" என்றார் ஏபெர்.

அவர் பயம் வேறு. ராசி. எங்கள் நாட்டில் ராசி பார்க்காத கால்பந்துப் பைத்தியம் கிடையாது, அதில் ஏபெர் முற்றிய கேஸ். ஆட்டத்தன்று அதே நாற்காலி, இடது காலில் மட்டும் செருப்பு, அக்குளில் வெந்நீர்ப் பிளாஸ்க், கையில் மாத்தே என்கிற இலைக் கசாயக் குடுவை. பக்கத்து வீட்டு தார்தோ அவருக்குச் சின்ன வயதுத் தோழன். ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டம் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை சேர்ந்து பார்த்தபோது காஸ்தோனின் அணி நான்கு கோலில் தோற்றுவிட்டது. அன்றிலிருந்து ஆறு வருடமாக நடுவில் சுவர், இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர்.

அந்த ராசியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. பெனால்ட்டி உதை எப்போதும் காஸ்தோனுக்குத்தான். பந்தைக் கொண்டுபோய் அவன் புள்ளியில் வைப்பான், கோல்கீப்பரும் அவனும் மட்டும் நிற்பார்கள், என் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். துணி காய்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொல்லைப்புறம் ஓடிவிடுவேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துவைக்கும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆறு வருடத்தில் அவன் அடித்த ஒரு பெனால்ட்டியைக்கூட நான் பார்த்ததில்லை. நான் போகும்போதெல்லாம் கோல் விழுந்ததால், ஏபெர் அதையும் ராசிக் கணக்கில் சேர்த்துவிட்டார். பெனால்ட்டி என்றால் போதும், "நிபியா, துணி" என்பார்.

எப்படியோ சண்டை போட்டு ஹெச்டி டிவியை வாங்கிவிட்டேன். ஏபெர் ஒரு நிபந்தனை வைத்தார். பழைய டிவியை வெளியே தூக்கிப் போடக்கூடாது. அதை அணைத்து வைத்து, அதன் தலைமேல் புது டிவியை உட்காரவைத்தோம். ராசி தொடருமாம்.

அதில் பார்த்த முதல் ஆட்டம் அரையிறுதி. படம் என்றால் அப்படி ஒரு படம். புல்லில் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. நடுவரின் காதில் முடி தெரிந்தது. காஸ்தோன் முடி வெட்டிக்கொள்ளாமல் திரிகிறான் என்று தெரிந்தது. நான் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஏபெர்கூட, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

முப்பதாவது நிமிடம் பெனால்ட்டி.

"நிபியா, துணி" என்றார். எழுந்தேன். கொல்லை வாசல்படியில் கால் வைத்தேன், பக்கத்து வீட்டிலிருந்து தார்தோவின் தொண்டை கிழிந்தது. கோல் என்ற அந்த ஒரு சொல்லை அவர் மூச்சு தீரும்வரை இழுத்தார். கூடவே தெருவே கத்தியது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் டிவியில் காஸ்தோன் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

பிறகு கடைக்காரரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. தெளிவான படத்தைச் சுருக்கி மடித்து அனுப்புவார்களாம், நம் வீட்டுப் பெட்டி அதைப் பிரித்து விரிக்க வேண்டுமாம். அதற்கு ஐந்து வினாடி ஆகும். தார்தோவின் பழைய டிவிக்கும் ரேடியோவுக்கும் அந்த வேலை இல்லை, உடனே வந்துவிடும். தெருவிலேயே எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆட்டம் ஐந்து வினாடி தாமதம்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. கோல் விழுந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். வாசல்படியிலேயே நின்றேன். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. பிள்ளை ஓடி வந்தான், உதைத்தான், வலையின் மூலையில் போய்ச் சொருகியது பந்து. நான் பந்தையும் வலையையும் கண் நிறையப் பார்த்தேன். ஆறு வருடத்தில் முதல்முறை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை.

ஏபெர் மாத்தேயை உறிஞ்சாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பந்தி போடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விட்டுட்டான் பாரு" என்றார்.

"யாரு?"

"தார்தோதான், வேற யாரு. என் பையன் அடிச்ச கோலை அவன் வாயால கேட்டுட்டு அப்புறம் நான் பாக்கணுமா? இதுக்கா இந்த டிவி?"

அதுதான் எனக்கு வேண்டியது என்று நான் சொல்லியிருக்கலாம். தார்தோ கத்தினால்தான் என்னால் பார்க்க முடியும் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பெற்றவளுக்குத் தைரியம் இல்லை என்று ஊர் சொல்லும். வாயை மூடிக்கொண்டேன். தப்பு அதுதான்.

அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவு. காஸ்தோனுக்கு இருபத்தேழு வயது, இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு வருமா என்பது சந்தேகம். அதை அவன் சொல்லவில்லை, ஆனால் வாரம் முழுக்க அவன் போனில் பேசிய விதத்தில் எனக்குத் தெரிந்தது. ஜெயிப்பான் என்று நம்பினேன். பெனால்ட்டி வந்தால் தார்தோ இருக்கிறார், நான் நிம்மதியாகப் பார்ப்பேன் என்றும் நம்பினேன்.

சனிக்கிழமை ரொட்டிக் கடையில் தார்தோவின் மனைவி எல்சிரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதே அக்கா, நாங்க எல்லாரும் வாயப் பொத்திக்கறோம்."

"எதுக்கு?"

"கோல் விழுந்தா மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டுத்தான் கத்தணும்னு ஏபெர் அண்ணன் வீடு வீடா வந்து சத்தியம் வாங்கிட்டுப் போனாரே. ரேடியோவையும் குறைச்சு வைக்கணுமாம். பெத்தவ பாக்கறதுக்கு முன்னாடி ஊர் பாக்கக்கூடாதுன்னு நீ அழுதியாமே. கேட்டதும் எனக்கே அழுகை வந்துடுச்சு."

நான் எங்கே அழுதேன். வீட்டுக்கு வந்து அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்காகன்னு சொன்னீங்களா?"

"எனக்காகன்னு சொன்னா எவன் கேப்பான்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். "தார்தோகூட உனக்காகன்னதும் சரின்னுட்டான். அண்ணிக்காக உயிரையே குடுப்பேன், வாயைக் குடுக்க மாட்டேனான்னான்."

பதினோரு வீடு. இனி நான் போய் யாரிடம் என்ன சொல்வது.

ஞாயிறு மாலை நான்கு மணி. தெரு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நாய் குரைத்தால்கூட யாரோ அதட்டினார்கள். முதல் பாதியில் ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியிலும் ஒன்றுமில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எங்கள் ஆளின் காலை வாரிவிட்டான். நடுவர் பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினார்.

"நிபியா" என்றார் ஏபெர். "துணி."

எழுந்து போனேன். வாசல்படியில் நின்றேன், முதுகை டிவிக்குக் காட்டிக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். எங்கள் டிவியில் நடுவர் விசிலை வாயில் வைக்கிறார். அப்படியென்றால் அந்தப் பக்கம் உதைத்து முடித்தாகிவிட்டது.

"தார்தோ" என்றேன் சுவரைப் பார்த்து. "சொல்லித் தொலைங்களேன்."

பதில் இல்லை.

எனக்குத் தார்தோவைத் தெரியும். சொந்தக் கல்யாணத்தில் பாதிரியார் கேட்பதற்கு முன்பே சம்மதம் என்று சொன்ன ஆள். கோல் விழுந்திருந்தால் அந்த வாயை எந்தச் சத்தியமும் கட்டிவைக்காது. ஆக, விழவில்லை. என் பிள்ளை தவறவிட்டுவிட்டான்.

தொட்டிப் பக்கம் ஓடிவிடலாம் என்று கால் போனது, ஆனால் நான் போகவில்லை. அவன் தவறவிட்டிருந்தால், அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க பெற்றவள் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா. மற்றவர்களெல்லாம் பந்தைத்தான் பார்ப்பார்கள். திரும்பினேன்.

பந்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதனால் முகத்தை மட்டும் பார்த்தேன். கோலுக்குப் பின்னாலிருந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு எட்டு பின்னால் போனான். உதட்டைக் கடித்தான். ஓடி வந்தான். கால் பந்தைத் தொடுவதற்கு முன்னால், பெல்ட்டில் ஓடும் பழத்தில் புள்ளியைப் பிடிக்கிற என் கண் அதைப் பிடித்துவிட்டது. அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

பந்து என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. ஏபெர் நாற்காலியிலிருந்து துள்ளியதைப் பார்த்தேன், மாத்தே கூரையில் தெறித்ததைப் பார்த்தேன். அந்த நொடியிலேயே சுவருக்கு அந்தப் பக்கமும், எதிர்ப் பக்கமும், தெரு முனை வரைக்கும் பதினோரு வீடும் சேர்ந்து கத்தியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, எங்களோடு கத்தியது. ஐந்து வினாடி ஒரு தெரு முழுக்க ஒரு கோலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறது. நான் வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இப்போதாவது நான் அழுததாக ஏபெர் சொன்னது உண்மையாகட்டும்.

தார்தோ சுவர் ஏறிக் குதித்து வந்தார். கழுத்தில் குளியல் துண்டு, அதன் ஒரு முனை நனைந்து கசங்கியிருந்தது.

"இவளத் திட்டுங்க அண்ணி" என்றார், பின்னாலேயே வாசல் வழியாக வந்த எல்சிராவைக் காட்டி. "துண்ட வாயில திணிச்சு மேல உக்காந்துட்டா. செத்துப் பிழைச்சேன்."

"இவர் வாய நம்ப முடியுமா அக்கா" என்றாள் எல்சிரா.

ஆட்டம் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. ஏபெர் அவரைத் திரும்பச் சுவருக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டார், ராசி கெட்டுவிடுமாம்.

ஜெயித்தார்கள். பொழுது சாய்ந்ததும் காஸ்தோன் போன் செய்தான். பின்னால் ஒரே பாட்டும் கூத்தும். ஏபெர் பேசி முடித்து, போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"டேய், கண்ண மூடிட்டா அடிக்கிற?"

பாட்டுச் சத்தம் சட்டென்று குறைந்தது, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. புது டிவில தெரிஞ்சுது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர் பந்தத்தான் பாத்தார்."

"சொல்லிடாதம்மா. எப்பவுமே அப்படித்தான். பயமா இருக்கும், மூடிக்குவேன். நீ கொல்லைக்குப் போயிடுவியே, அதே மாதிரிதான்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது.

"இன்னிக்குப் போகலடா" என்றேன். "நின்னு பாத்தேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப சரி" என்றான். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பாத்தா போதும்மா."