தனலக்ஷ்மியின் வெறுஞ்சுவர்

தனலக்ஷ்மிக்கு நகை ஆசை கிடையாது. பெங்களூர் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்பவளுக்குப் புடவை ஆசையும் எப்போதோ விட்டுப் போயிருந்தது. நாள் முழுக்க அரக்கையும் மயில்கழுத்து நிறத்தையும் மாம்பழ மஞ்சளையும் விரித்துப் போட வேண்டும். "இதே டிசைன்ல வேற கலர் இருக்கா?" என்று கேட்கிறவர்களுக்கு இன்னும் நாலைப் பிரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்து போன பிறகு அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டும். இப்படி வாழ்கிறவளுக்கு ஆசை என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

தாசரஹள்ளியில் அவர்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது. வீடு நல்ல வீடுதான். கணவர் உத்தமன் பீன்யாவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். தங்கமான மனிதர், ஒரு வாய்ச்சண்டை இல்லை, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் வெறும் சுவரைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கை அரிக்கும். டிரில்லிங் மெஷினை எடுத்து வந்து ஒரு ஹூக்கை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஹூக் என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது தொங்கத்தானே செய்யும்? குடை, துணிப்பை, போன வருஷத்துக் காலண்டர், அதன் மேலேயே இந்த வருஷத்துக் காலண்டர்.

குளியலறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொழுந்தன் குடும்பமும் கூட இருந்ததால் எல்லோருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். சோப்புக்கு ஒரு தட்டு, சீயக்காய்க்கு ஒரு தட்டு என்று உத்தமன் பட்டறையிலேயே செய்துவந்து சுவர் முழுக்க மாட்டியிருந்தார். நுனி கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள், தலைகீழாகக் கவிழ்த்து வைத்த எண்ணெய் பாட்டில், யாருடையது என்று யாருமே ஒப்புக்கொள்ளாத ஒரு பல் பிரஷ். இது போதாதென்று கண்ணாடியைச் சுற்றி ஒட்டுப்பொட்டுகள். கொழுந்தன் மனைவி ஜெயலட்சுமியின் வேலை அது என்று தனலக்ஷ்மி உறுதியாக நம்பினாள். "இந்தப் பொண்ணுக்குப் பொட்ட ஒட்டறதுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று வாரத்துக்கு ஒருமுறை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பாள்.

வீட்டு மனை சரிவாக இருந்ததால், தெருவுக்குக் கீழே பேஸ்மெண்ட் ஒன்று தானாகவே அமைந்திருந்தது. பின்பக்கச் சந்தில் இருந்து பார்த்தால் அதுதான் தரைத்தளம். அதன் மூலையில், வீடு கட்டும்போது கொத்தனார்களுக்காக எழுப்பிய சின்னக் குளியலறை ஒன்று இருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து அதில் ஓட்டை டிரம்மும் பெயிண்ட் டப்பாக்களும்தான் குடியிருந்தன.

மகள் அனுஷா ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறச் சுவர். மேலே ஒரு நீள ஜன்னல், அதன் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம். சுவரில் பதித்த ஷவர். பைப் தெரியவில்லை, டேங்க் தெரியவில்லை. சோப்புக்குக்கூடச் சுவருக்குள்ளேயே சின்னதாக ஒரு மாடம். "மினிமலிஸ்ட் ஸ்டைல்மா," என்றாள்.

"எந்த ஊரு ஜெயிலு இது?" என்றார் எட்டிப் பார்த்த உத்தமன்.

தனலக்ஷ்மி போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். அந்தப் படத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்டதே இல்லை. அன்று கேட்டாள். "கீழ ஒரு பாத்ரூம் இருக்குதே, அத்த இந்த மாதிரி பண்ணிக் குடுங்க. எனக்கு மட்டும். வேற யாரும் ஒரு சோப்பு டப்பா வெக்கக் கூடாது. நீங்க ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

உத்தமன் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி தனம்," என்றார்.

டைல்ஸ் வேலைக்கு நாகேஷ் வந்தான். ராஜாஜிநகர்க்காரன், தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறுகிறவன். படத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஏனு மேடம் இது? டவல் எல்லி, எங்க போடுவீங்க? ஒரு ராடு ஆவது வேணாமா?"

"வேணாம்பா. ஒண்ணுமே வேணாம்."

வேலை நடந்த அத்தனை நாளும் கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, மெட்ரோவில் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு தடவை, தனலக்ஷ்மி கீழே போய் நின்று பார்த்தாள். பைப்புகள் சுவருக்குள் புதைந்தன. தண்ணீரை நிறுத்தும் வால்வைக்கூட ஒரு டைல்ஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். அந்த டைல்ஸை அழுத்தினால் கதவு போலத் திறக்கும். கடைசியில் ஒரே ஒரு டைல்ஸ்தான் மிஞ்சியது. மிஞ்சிய டைல்ஸை என்ன செய்வார்களோ அதைத்தான் உத்தமனும் செய்தார். மேலே கொண்டுபோய் கேஸ் சிலிண்டருக்கு அடியில் போட்டார்.

முதல் நாள் அங்கே குளித்துவிட்டு வந்தவளின் முகத்தைப் பார்த்து அனுஷா, "இன்னாமா, கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கே?" என்றாள். தனலக்ஷ்மிக்கு உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை, மடிக்க ஒன்றும் இல்லை. இந்தச் சந்தோஷத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டாமே என்றுகூடத் தோன்றியது.

டவல் விஷயத்தில்தான் கொஞ்சம் சங்கடம். கதவின் மேல் விளிம்பில் போட்டால் அது மெல்லச் சரிந்து, சரியாகத் தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும் நேரம் பார்த்து ஈரத் தரையில் விழுந்தது. நனைந்த டவலால் துடைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் டிரில்லிங் மெஷின் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஈரம் சொட்டுவது உத்தமன் கண்ணில் பட்டுவிட்டது.

வரமகாலட்சுமி நோன்பு நெருங்கினால் பெங்களூரில் புடவைக் கடைகளுக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் வீங்கி வீடு திரும்பியவள் கேட்டருகே அப்படியே நின்றாள். பேஸ்மெண்ட் படியோரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வீட்டில் உத்தமனைத் தவிர வேறு யாரும் இல்லை. பதறியடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

உத்தமன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். பனியனில் இருந்து தண்ணீர் வடிந்தது. இரண்டு கட்டை விரல்களையும் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் விரலிடுக்கில் இருந்து பீறிட்ட தண்ணீர் அவர் மூக்குக்கண்ணாடியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்தால் பீச்சி அடிக்கிறது. எடுக்காவிட்டால் போன் பேச முடியாது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, பாவம்.

"வால்வு எங்க இருக்குதுன்னே தெரியல, தனம்," என்றார் பரிதாபமாக.

தனலக்ஷ்மி ஓரத்து டைல்ஸை அழுத்தினாள். அது திறந்தது. வால்வைத் திருகினாள். சத்தம் அடங்கியதும்தான் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். பளபளவென்று எவர்சில்வரில் ஒரு ஸ்டாண்டு. டவல் போட ராடு, சோப்புத் தட்டு, பாட்டில் வைக்க இரண்டு அடுக்கு, ஓரத்தில் வளைந்து வளைந்து வரிசையாக ஹூக்குகள். முனை ஒவ்வொன்றையும் கையில் கீறாதபடி உருட்டித் தேய்த்திருந்தார்.

"யாரக் கேட்டுப் பண்ணீங்க?"

"உனக்குத்தான். நீ ஈரத்தோட வரியே, பாக்க சகிக்கல..."

"எனக்குத்தானே பண்ணீங்க? அப்ப என்னக் கேக்கணும்னு தோணலியா?" அவளுக்கு டைல்ஸ் உடைந்ததில் இல்லை வருத்தம், தண்ணீர் போனதிலும் இல்லை. ஒரே ஒரு சுவரை அவளுக்கென்று விட்டுவைக்க இந்த வீட்டில் ஒருத்தராலும் முடியவில்லை, அவரால்கூட முடியவில்லை, அதுதான் நெஞ்சில் ஏறியது. மேலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாகேஷ் வந்து, விரிசல் விட்டிருந்த டைல்ஸைப் பெயர்த்தான். உள்ளே பைப் நட்டநடுவில் துளைபட்டிருந்தது. "சார், பட்டறையில இப்படித்தான் பாக்காம டிரில் போடுவீங்களா?" என்று கேட்டான். உத்தமன் குனிந்து டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மார்க் பண்ணாமல், பஞ்ச் அடித்துப் புள்ளி குத்தாமல் டிரில் போட்ட ஆளைப் பட்டறையில் அவரே எத்தனை முறை திட்டியிருப்பார்! வீட்டுச் சுவர்தானே என்று இருந்துவிட்டார்.

அதே நிறத்தில் டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் சிலிண்டருக்கு அடியில் இருந்ததை எடுத்துப் பதித்தார்கள். அதில் சிலிண்டர் உட்கார்ந்த துருக்கறை பழுப்பாக, பாதி வட்டமாகத் தெரிந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை. அப்பழுக்கில்லாத சுவரில், சரியாகக் கண் உயரத்தில், ஒரு கறை.

உத்தமன் ஸ்டாண்டைப் பழைய வேட்டியில் சுற்றிப் பட்டறைக்கே எடுத்துப் போய்விட்டார். அதற்கப்புறம் இருவருக்கும் நடுவில் "சாப்பாடு வெக்கட்டுமா", "உம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. தனலக்ஷ்மி பிடிவாதமாகக் கீழேதான் குளித்தாள். டவலும் பிடிவாதமாக விழுந்தது. கறையின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

நோன்பு முடிந்து, கடைக்கு விடுமுறை கிடைத்த நாள். அவசரமில்லாமல் தலைக்குக் குளித்துவிட்டு, ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் நின்றாள். வெளிச்சம் சுவரில் மெல்ல நகர்ந்து துருக்கறை டைல்ஸுக்கு வந்தது. வேண்டாவெறுப்பாக நிமிர்ந்து பார்த்தாள்.

பாதி வட்டத்துக்குள் மூன்று பொட்டுகள் ஒட்டியிருந்தன. அரக்கு நிறம்.

ஒரு கணம் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஜெயலட்சுமி! இங்கேயும் வந்துவிட்டாளா? டவலைச் சுற்றிக்கொண்டு கதவுவரை போனவள் அப்படியே நின்றாள். ஜெயலட்சுமி கறுப்புப் பொட்டுதான் வைப்பாள். அனுஷா பொட்டே வைப்பதில்லை. அரக்குப் பொட்டு வைக்கிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான். தனலக்ஷ்மி மெதுவாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

ஷவரைத் திறக்குமுன் கை தானாகவே நெற்றிக்குப் போயிருக்கிறது, தானாகவே சுவருக்குப் போயிருக்கிறது. அவளுக்கே தெரியாது. அப்படியானால் மேலே கண்ணாடி ஓரத்தில் வாரா வாரம் சுரண்டி எடுத்ததில் எத்தனை அவளுடையதோ! ஈரத் தலையோடு அந்தக் காலி அறையில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மேல் வைத்திருந்த கோபம் எந்த இடத்தில் கழன்றது என்று தெரியவில்லை.

இரண்டு பொட்டுகளை உரித்து எடுத்தாள். நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தாள். உடுத்திக்கொண்டு வந்து படியடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க! டிரில்ல எட்துக்கினு கீழ வாங்க."

உத்தமன் வந்தார். டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவரைப் போல வாசலிலேயே நின்றார்.

"பைப்பு எப்படிப் போகுதுன்னு இப்ப தெரியுமில்ல?"

"நாகேஷ் தொறந்தப்ப நல்லாப் பாத்தேன். வலது ஓரமா நேரா மேல போகுது."

"அப்ப இங்க இல்ல." பொட்டின் மேல் விரலை வைத்தாள். "இங்க ஒரு ஹூக்கு. டவலுக்கு. ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஸ்டாண்டு—"

"ஸ்டாண்டுன்னு வாயத் தொறந்தீங்கன்னா..."

உத்தமன் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பொட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். ஷவருக்கடியில் போய் நின்று, அங்கிருந்து கையை நீட்டிப் பார்த்தார். அவள் கை தானாகப் போய் நிற்கிற உயரம் அது. அளவுகோல் வைத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது.

"மார்க்கிங்னா இது மார்க்கிங்," என்றார். பட்டறையில் அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. பொட்டின் நடுவில் முனையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல டிரில் போட்டார். வெள்ளைத் தூள்தான் கொட்டியது, தண்ணீர் வரவில்லை. பாக்கெட்டில் இருந்து ஒற்றை ஹூக் ஒன்றை எடுத்தார். அது எப்போதும் அவர் பாக்கெட்டில் இருக்கும் போலிருக்கிறது. திருகி மாட்டிவிட்டு, விழுந்த தூளைத் தானே துடைத்தார்.

போக மனம் வராமல் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். சாய்ந்த வெயில், காலிச் சுவர், ஒரு ஹூக்.

"நல்லாத்தான் இருக்குது, தனம். ஒரே ஒரு வாட்டி நானும் இங்க குளிச்சிக்கட்டா?"

"மேல போய்க் குளிங்க," என்றாள் தனலக்ஷ்மி. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். டவலை ஹூக்கில் மாட்டி, கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது விழவில்லை.