பகவதி வராத மத்தியானங்கள்

தாணுமாலையனின் மனைவி பகவதி இறந்த பிறகும் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். வருவது மத்தியானங்களில்தான்.

பழவங்காடி கணபதி கோயிலில் உச்சிக்கால நடை சாத்தியதும் எதிரே அவருடைய தேங்காய்க் கடையிலும் கூட்டம் ஓய்ந்துவிடும். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு நடந்து வருவார். மகள் அனுஷா கழக்கூட்டத்தில் வேலைக்குப் போயிருப்பாள். மூடி வைத்த சோற்றைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் குளித்த ஈரத்தலையில் பகவதி தேய்த்துக்கொள்ளும் ராஸ்னாதி மருந்துப் பொடியின் வாசனை வரும். கட்டிலின் மறுபக்கம் லேசாகத் தாழும். அப்புறம் கெண்டைக்காலில் மெட்டியின் குளிர்.

அவ்வளவுதான். அவர் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பினால் இஸ்திரி போடாத துணிக் குவியலும் பழைய மிக்சிப் பெட்டியும்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளிருக்கு அவர் உடம்பு, கல்யாணமான புதிதில் போலவே, பதில் சொல்லும். அறுபது தாண்டியவருக்கு அது கூச்சமாக இருந்தது. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொள்வார். மாலை நடை திறக்கும் நேரத்துக்குக் கட்டில் மெல்ல நிமிரும். எழுந்து முகம் கழுவிக் கடைக்குப் போவார்.

பிறகுதான் நோய் வந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனது, இடுப்பு வலித்தது. பரிசோதனைகள் முடிந்து புராஸ்டேட்டில் புற்று, இடுப்பெலும்பு வரை வந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் மலையாளத்தில் பொறுமையாகப் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் ஒரு ஊசி. ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் நோய் அடங்கிக் கிடக்கும், பல வருடம் இருக்கலாம் என்றார். தாணுமாலையன் உள்ளே ஊசிக்குப் படுத்திருந்தபோது, அதனால் என்னென்ன வரும் என்று அனுஷாவிடம் வெளியே சொன்னார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் அதை அப்பாவிடம் சொன்னாள். களைப்பு வரும், உடம்பு கொஞ்சம் ஊதும், திடீர் திடீரென்று சூடு ஏறும், சாரமில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் சிக்னல் பச்சையானதும் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ஊசிக்குப் பிறகு பகவதி சில நாட்கள் வந்தாள். முதலில் மெட்டி நின்றது. அப்புறம் கட்டில் தாழவில்லை. வாசனை மட்டும் கொஞ்ச நாள் வாசல்வரை வந்து நின்றது. பிறகு அதுவும் இல்லை.

கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தார். அந்த மாதம்தான் அனுஷா அம்மாவின் புடவைகளை எடுத்து வீடு கூட்ட வரும் மாடம்மாளிடம் கொடுத்திருந்தாள். மின்விசிறிக்கு நேராக இருக்கட்டும் என்று கட்டிலையும் மாற்றிப் போட்டிருந்தாள். இடுப்பு வலியோடு கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார். குளியலறை மாடத்தில் காய்ந்து கிடந்த ராஸ்னாதி டப்பாவைத் திறந்து தலையணைப் பக்கத்தில் வைத்தார். தும்மல்தான் வந்தது. அது வெறும் பொடியின் வாசனை. அதற்குள் யாரும் இல்லை. தன் கடைத் தேங்காயிலேயே நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துப்போய்க் கணபதிக்கு உடைத்தார். மற்றவர்கள் உடைப்பதைத்தான் இத்தனை காலமும் கேட்டிருந்தார்.

ஒரு நாள் அவராகவே அவளை நினைத்துப் பார்த்தார். சுசீந்திரத்தில் கல்யாணம் முடிந்த வாரம், ஓட்டில் மழை, விளக்கை அணைக்கவிடாமல் அவள் சிரித்தது. எல்லாம் வரிசையாக வந்தது. வேறு யாருடைய கல்யாண ஆல்பத்தையோ புரட்டுவது போலிருந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அவள் இல்லாத இடம் வலிக்கக்கூட இல்லை.

பங்குனி வெயில் வேறு. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து கழுத்துக்கு அனல் ஏறி வியர்த்துக் கொட்டும். எழுந்து போய் அடுக்களை ஜன்னலில் நிற்பார். வந்து படுத்தால் மறுபடியும் அதே காலிக் கட்டில்.

பக்கத்துக் கடை யூசுப் துண்டும் முண்டும் விற்பவர். தக்கலைக்காரர், இருபது வருடப் பழக்கம். தாணுமாலையன் ஊசியைப் பற்றிச் சுற்றி வளைத்து எதையோ கேட்க, அவர் நேராகவே சொல்லிவிட்டார்.

"வயித்துலதானவே போடுகது? எங்கூடப் பெறந்த மூத்த காக்காவுக்கும் அதுதாம் போட்டது. இந்த நோவுக்கு ஆம்பளச் சத்துதாம் தீனி. அத நிறுத்துக மருந்தாக்கும் இது. நோவும் ஒடுங்கும், மத்ததும் ஒடுங்கும். இனி நீரு சந்நியாசி. கறுப்பு வேட்டியும் இருக்கு, காவியும் இருக்கு, எது வேணும் சொல்லும்."

தாணுமாலையனும் சேர்ந்து சிரித்தார். கடைக்குத் திரும்பி வந்து, யாரோ தேங்காய் கேட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தார். கோயில் முன்னால் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. சுடுகாட்டிலிருந்து தெருக்களைக் கடந்து அவள் வருவதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவள் வந்த வழி அவர் உடம்புக்குள் இருந்திருக்கிறது. அதைத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைக்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் வழி திறக்கும். அதே வழியில் நோயும் வரும். வரட்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

அடுத்த ஊசிக்கான நாள் வந்தது. அனுஷா அரைநாள் லீவு எடுத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். அவர் சட்டைகூடப் போடாமல் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வரல்ல மக்ளே."

"என்னத்துக்கு?"

"வேண்டாம்ணு தோணுகு."

அவள் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். ரத்தத்தில் நோயின் அளவு எவ்வளவு இறங்கியிருக்கிறது, இப்போது விட்டால் எப்படி ஏறும், எலும்பு எப்படி ஆகும் என்று விளக்கினாள். வலி தாங்காமல் கிடந்த முதல் மாதத்தை ஞாபகப்படுத்தினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எழுந்திருக்கவில்லை. காரணத்தை ஒரு மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது? கடைசியில் அவள் அவரைப் பார்க்காமல் மிக்சியின் வயரைச் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. உங்ககிட்ட எப்பிடிச் சொல்லுகதுண்ணு விட்டுட்டேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"துண்டு விக்குதவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. 

"உங்கம்மை வரல்ல மக்ளே, இப்போ" என்றார்.

எங்கே, எப்போது என்று அனுஷா கேட்கவில்லை. அப்பாவின் காதுகள் சிவந்திருந்ததைப் பார்த்தாள். கட்டிலைப் பழைய இடத்துக்கு அவர் ஏன் இழுத்துப் போட்டார் என்பதும் அப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"எனக்கு ஒருநாளும் வந்ததில்லப்பா. நீங்களும் போயிட்டா நான் யார அப்பாண்ணு கூப்பிடுகது?"

அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அவளிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தபோது அனல் ஏறியது. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, காது, உச்சந்தலை. உள்ளே யாரோ அடுப்பு மூட்டுவது போல. எழுந்து பின்பக்க ஜன்னலைத் திறந்தார். கொடியில் கிடந்த துண்டை உருவிக் குழாயில் நனைத்து, மூன்றாக மடித்துப் பிடரியில் வைத்துக்கொண்டார். நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்து, பல்லிடுக்கில் 'உஸ்' என்று காற்றை விட்டார்.

பின்னால் மிக்சியின் வயர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"அம்மை இப்பிடித்தான் நிப்பா" என்றாள் அனுஷா. "இதே கம்பியில. தீட்டு நிக்க சமயத்துல, நான் பிளஸ் டூ படிக்கச்சே. துண்ட இப்பிடியேதான் மடிப்பா."

அந்த வருடங்கள் அவருக்கு ஞாபகம் இருந்தன. மார்கழியிலும் மின்விசிறியை முழுதாக வைக்கச் சொல்வாள். இவர் குளிருகிறதென்று குறைப்பார். இவர் தூங்கியதும் எழுந்து போவாள். ஜன்னல் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் அங்கே என்ன செய்தாள் என்று இவர் போய்ப் பார்த்ததில்லை. துண்டை மூன்றாக மடிக்கும் பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. துண்டைப் பிழிந்து உதறித் தோளில் போடுகிறவர். தன் கையைப் பார்த்தார். அது பிடரியிலிருந்து ஈரத்தை எடுத்து இடது காதின் பின்னால் ஒற்றிக்கொண்டிருந்தது, அவரைக் கேட்காமல்.

கம்பியில் நெற்றி படும் உயரத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது. அவருடைய நெற்றிக்கு அது சற்றுத் தாழ்வு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கியபோது சரியாகப் பொருந்தியது. இரும்பு குளிர்ந்திருந்தது. இத்தனை மாதம் காலிக் கட்டிலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவளோ தினமும் அவரை எழுப்பி இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். முன்பு பக்கத்தில் வந்து படுத்தவள். இப்போது பக்கத்தில் இல்லை. அதைவிட அருகில். அவருக்கு அது பயமாகவும் இருந்தது.

சூடு இறங்கும்வரை அப்படியே நின்றார். பிறகு துண்டை மூன்று மடிப்புக் கலையாமல் கம்பியில் போட்டார்.

"எம் சட்டைய எடு மக்ளே."

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸின் பெயர் லீலாபாய். போன முறை வந்தவரை நினைவு வைத்திருந்தார். கையுறை மாட்டிக்கொண்டே, எப்படி இருக்கிறீர்கள், தொந்தரவு ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அனுஷா சொல்ல வாயெடுப்பதற்குள் தாணுமாலையன் கேட்டார்.

"சிஸ்டரே, இந்தச் சூடு இனியும் வருமா?"

"வரும் மாமா. சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். பொறுக்க முடியல்லேன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதைக் குறைக்க மாத்திரை உண்டு."

"குறைக்காண்டாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் தாணுமாலையன் சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டு."