ஆறு ஷீட்டும் மூன்று கட்சியும்

ஆடியில் வாங்கிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் ஆறும், ஐப்பசி பிறந்த பிறகும் சுசீலா வீட்டு மதில்சுவரில் சாய்ந்தபடியே நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் ஒரு பூனை குட்டி போட்டு, குட்டிகளும் வளர்ந்து, பருத்திப்பட்டு ஏரிப் பக்கமாகத் தனிக்குடித்தனம் போய்விட்டன. ஷீட்டுகள் மட்டும் போகவேண்டிய இடத்துக்கு, அதாவது சமையலறையின் தலைக்கு, போய்ச் சேரவில்லை.

கூரைக்கு எட்டடி போதும். ஷீட்டோ பத்தடி. சென்னீர்குப்பத்தில் சல்லிசாகக் கிடைத்தது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அவள் கணவர் சண்முகசுந்தரம், "நீளமா இருந்தா வெட்டிக்கலாம். குட்டையா இருந்தா இழுத்துக்க முடியுமா?" என்று கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அப்படியே மாட்டினால் மிச்சம் இரண்டடி பின்பக்கத்துத் துலுக்கானத்தின் நிலத்தில் நீட்டிக்கொண்டு, மழைத் தண்ணீரை நேராக அவர் வைக்கோல் போரில் கொட்டும். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே பயிர் வைக்கும் துலுக்கானம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சார், உன் ஊட்டு மழை உன் ஊட்லயே பெய்யட்டும்" என்று நியாயமாகத்தான் சொன்னார்.

அப்பாவு கொத்தனார் அப்போதே ரம்பத்தோடு வந்தவர்தான். சண்முகசுந்தரம் தடுத்துவிட்டார். காரணம் அவருடைய உத்தியோகம். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் டூல் ஸ்டோர் அவர் பொறுப்பு. இருபது வருஷமாக ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, டோக்கனை வாங்கிக்கொண்டு கருவியைக் கொடுப்பார்; கருவியை வாங்கிக்கொண்டு டோக்கனைக் கொடுப்பார். ஆகவே உலகத்திலுள்ள அத்தனை கருவியும் அவருக்குப் பெயரோடும் நம்பரோடும் தெரியும். எதையாவது பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்ததுண்டா என்றால், கிடையாது. அது ஜன்னலுக்கு அந்தப்புறம் நிற்பவர்களின் வேலை.

"கண்டதை வச்சுக் கண்டதை அறுக்கறது காட்டுமிராண்டித்தனம். எந்தப் பொருளுக்கு எந்தக் கருவின்னு முதல்ல முடிவு பண்ணணும். முடிவானதும் சொல்லி அனுப்பறேன்" என்றார். அப்பாவு ரம்பத்தை மறுபடியும் கோணியில் சுற்றிக்கொண்டு போனார்.

முடிவு பண்ணுவதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று நண்பர்கள் வந்தார்கள். கலியமூர்த்தி ஹாக்சா கட்சி. பிளேடு சன்னம், அறுப்பும் சன்னம் என்பது அவர் கொள்கை. சுலைமான் தச்சு ரம்பக் கட்சி. மனோகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். கரண்டில் சுழன்று அறுக்கும் ஹேண்ட் கிரைண்டரைத் தவிர மற்றதெல்லாம் கற்காலம் என்ற முற்போக்குவாதி. தலைவர் சண்முகசுந்தரம். தலைவருக்குக் கட்சி கிடையாது. எல்லாரும் பேசி முடித்ததும், "இதுல பல கோணங்கள் இருக்கு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பார்.

இந்த மாநாட்டுக்கு வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் சுசீலாவின் உபயம். கூரையில்லாத சமையலறையில், நான்கு மூலையிலும் கயிறு கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டு அவள் பஜ்ஜி போட்டாள். புரட்டாசியில் ஒருநாள் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் மொத்தமாகச் சரிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. உள்ளே விஷயத்தைச் சொன்னபோது தலைவர், "பாத்தீங்களா, கூரை எவ்வளவு முக்கியம்னு!" என்று நண்பர்களிடம் எடுத்துச் சொன்னார்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை அப்பாவு சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னும் அப்டியேதான் கீதா? திங்கக்கெயம எனக்கு சும்மாதான். செவ்வாக்கெயம பட்டாபிராம்ல வேல புடிச்சுட்டேன். போனா பொங்கலுக்குத்தான் வருவேன். வெட்டி மட்டும் வச்சுடு, ஒரே நாள்ல மாட்டிக் குட்துட்றேன்."

"நாளைக்கு வெட்டி வச்சிருவோம், வந்திருங்க" என்று சுசீலா சொல்லிவிட்டாள். ஏரிக்கு மேலே வானம் அடுக்களைச் சுவர் மாதிரி கறுத்திருந்தது. திங்கட்கிழமை விட்டால் அடைமழை முழுக்கத் தார்ப்பாயோடுதான் குடித்தனம். கணவரிடம் கெஞ்சலாம். கெஞ்சினால் துணைக்குழு அமைப்பார்.

மறுநாள் மாநாடு கூடியது. சுசீலா தட்டில்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றாள். சபையில் ஒரு பதற்றம் தெரிந்தது.

"பஜ்ஜி இல்லையாம்மா?" என்றார் சுலைமான்.

"இருக்குண்ணே. ஒரு சந்தேகம், அதைக் கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். மூணு மாசமா வாயாலயே அறுக்கீங்களே, நிஜத்துல யாரு ஜெயிப்பா?"

மூன்று பேரும் "நான்" என்றார்கள். ஒரே குரலில் அந்தச் சபை சொன்ன முதல் வார்த்தை அது.

"அப்ப ஆறு ஷீட்டு இருக்கு. ஆளுக்கு ரெண்டு. யாரு வேகமா, நேரா அறுக்காங்களோ அவங்க கருவிதான் கருவி. இவுக தீர்ப்பு சொல்லட்டும்."

'தீர்ப்பு' என்றதும் சண்முகசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறதே. "துண்டு துக்கடாவில சோதனை பண்ணலாம். அசல் ஷீட்டுல எப்படி?"

"உங்க ஃபேக்டரியில டாங்கியை ஓட்டிப் பாக்கணும்னா டாங்கியைத்தானே ஓட்டுவாக? பொம்மையையா ஓட்டுவாக?"

தலைவர் யோசித்தார். "அதுவும் ஒரு கோணம்தான்" என்றார்.

அரைமணி நேரத்தில் கொல்லை போர்க்களமாகியது. சுசீலாவே நூல் பிடித்து ஆறு ஷீட்டிலும் எட்டடியில் சாக்பீஸ் கோடு போட்டாள். மூக்கில் துண்டு கட்டாமல் யாரும் கை வைக்கக்கூடாது என்று அவள் உத்தரவு போட, மூன்று பேரும் வழிப்பறிக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ரம்பத்துக்கும் ஹாக்சாவுக்கும் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தாள். கிரைண்டருக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் மனோகரனை ஷீட்டோடு பக்கத்துக் காலி மனையின் கோடிக்கு நாடு கடத்தினாள்.

வேலிக்கு அப்பால் துலுக்கானம் எருமையைக் கட்டிவிட்டு வசதியாக நின்றுகொண்டார். "இன்னாபா, கூரை போட்றீங்களா, எலக்சன் நடத்துறீங்களா?"

"வேடிக்கை பாக்காம ஒரு பக்கம் புடிங்கண்ணே, ஷீட்டு ஆடுது" என்றாள் சுசீலா. அவர் வேலியைத் தாண்டி வந்து சுலைமானின் ஷீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"துலுக்கானம் ஏறினா அது உதவியா, எதிரணிச் சதியா?" என்று கத்தினார் சுலைமான்.

"யோவ் பாய், நான் குந்திகினதாலதான் நீ நேரா அறுக்குற. கம்முனு இழு."

கிரைண்டர் உயிர் பெற்றது. ஒரு வெள்ளை மேகம் எழுந்தது. அதற்குள்ளிருந்து, "கற்காலம்! எல்லாரும் கற்காலம்!" என்று மனோகரனின் குரல் மட்டும் வந்தது. முதல் ஷீட்டு பப்படம் மாதிரி அறுந்து விழுந்தது. இரண்டாவதில் பாதி தூரம் போனபோது தெருவிலேயே கரண்டு போனது. மேகம் கலைந்ததும், சுடுகாட்டுச் சாம்பல் பூசிய சித்தர் போல மனோகரன் நின்றிருந்தார்.

"இது மறைமுகத் தாக்குதல்" என்றார்.

"முற்போக்கு இவ்வளவுதானா மாமே?" என்று கலியமூர்த்தி சிரித்த சிரிப்பில் அவர் பிளேடு டப்பென்று முறிந்தது. துலுக்கானம் கை தட்டினார். கலியமூர்த்தி அடுத்த பிளேடை மாட்டினார். அதுவும் முறிந்து, மூன்றாவது வந்தது.

மனோகரன் கொஞ்ச நேரம் பின்வாசல் பல்பைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கலியமூர்த்தியின் முறிந்த பிளேடு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் துணியைச் சுற்றி, மிச்சப் பாதியை அறுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் டெல்லியில் கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். அது பருத்திப்பட்டு வரை வந்து சேரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆறும் அறுந்திருந்தன. பஜ்ஜியும் வந்தது. சண்முகசுந்தரம் ஸ்டீல் டேப்போடு ஓரம் ஓரமாகக் குனிந்து போனார். கலியமூர்த்தியுடையது நேர், ஆனால் தாமதம். சுலைமானுடையது வேகம், ஆனால் ஓரம் பெயர்ந்திருக்கிறது. மனோகரனுடையதில் ஒன்று நேர், மற்றது பாதி கிரைண்டரும் பாதி பிளேடுமாக இருமதம். டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "தெளிவா எதையும் சொல்ல முடியலை. வேற ஷீட்டு வாங்கி மறுபடியும் சோதனை பண்ணணும்" என்று அறிவித்தார்.

"தாராளமாப் பண்ணுங்க" என்றாள் சுசீலா.

திங்கட்கிழமை அவர் ஜன்னலுக்குப் பின்னால் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவு வந்தார், மாட்டினார், போனார். புதன்கிழமை பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. குடையோடு வந்த மூன்று கட்சியினரும் சமையலறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அறுத்த ஓரம் முழுக்க வெளியே, துலுக்கானத்தின் பக்கம். தீர்ப்புக்கு ஆதாரம் வேண்டுமே என்று தலைவர் அவர்களை அழைத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, சுசீலா சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள்.

"அந்த நேரா இருக்கறது என்னுது."

"போய்யா, அது ரம்பம் போட்ட ஓரம்!"

"கிரைண்டர் இல்லாம அவ்வளவு சுத்தமா வருமா?"

அப்பாவு கையில் கிடைத்த வரிசையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நேரான ஓரத்துக்கு மூன்று தகப்பன்மார். கோணல் ஓரத்துக்கு நாதியில்லை.

"கோணலா கீதே, அது யாருதுபா?" என்று துலுக்கானத்தின் குரல் கேட்டது.

அப்புறம் சண்முகசுந்தரம் தொண்டையைச் செருமினார். "இதுல பல கோணங்கள் இருக்கு..."

சாரல் உள்ளே வராமல் சுசீலா பின்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அப்பளத்துக்கு எண்ணெய் காய வைத்தாள்.