அறுபது சதவீதம் தள்ளுபடி

சூரத்தில் தறி ஓட்டும் புருஷன் உதயநாத் கூப்பிட்டபோது குந்தளா கிணற்றடியில் கனத்த போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். சோப்பு நுரைக் கையோடே போனை எடுத்தாள்.

"இனிமே உன் கைக்கு ஓய்வுதான். வாஷிங் மெஷின் ஆர்டர் போட்டாச்சு! இருபத்தோராயிரம் ரூபா சாமான், எட்டாயிரத்து நானூறுக்கு. அறுபது சதவீதம் தள்ளுபடி. இன்னியோட முடியுதுன்னு கடிகாரம் வேற ஓடிக்கிட்டே இருந்துச்சு. விடுவேனா?"

அவன் அனுப்பிய படத்தில் இருந்த மெஷினை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத யாத்திரை முடிந்ததிலிருந்து வியாழக்கிழமைதோறும் போனில் அதைத் திறந்து பார்த்து, மகளின் பழைய நோட்டில் விலையைக் குறித்துவந்தாள். வாங்குவதற்கென்று இல்லை. பதினைந்து மாதமாகக் கண்ணில் காணாத புருஷனுக்கு ஏங்குவதைவிட ஒரு பொருளுக்கு ஆசைப்படுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது. ஒன்பது வாரம் ஏழாயிரத்து இருநூறிலேயே நின்றது. தசரா விற்பனைக்கு முந்தின வாரம் திடீரென்று ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. இருபத்தோராயிரத்தை எந்த வியாழனும் அவள் கண்டதில்லை.

"பணம் ஏது?"

தறிகளின் இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான்.

"ஊருக்கு வர்ற டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். தசரா பூஜை நாள்ல தறி ஓட்டினா இரட்டைக் கூலி. நான் வந்தா நாலே நாள்ல கிளம்பிடுவேன். மெஷின் பத்து வருஷம் உன்கூடவே இருக்கும்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொல்லாமலே விட்டுவிடலாமா என்று அவள் யோசித்தாள். நாளெல்லாம் தறியில் நிற்கிறவன், ஒருமுறையாவது எதையோ ஜெயித்துவிட்டதாகச் சந்தோஷப்படுகிறான். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அது ஏமாத்து விலைங்க. போன மாசம் வரைக்கும் ஏழாயிரத்து இருநூறுதான். ஏத்திட்டு இறக்கியிருக்கான். நான் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சிருந்தியா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்கிடுவீங்களே. வாங்கினா வரமாட்டீங்களே."

அன்று மாலையே அவன் ஆர்டரை ரத்து செய்தான். ஆனால் விட்ட டிக்கெட் திரும்பக் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்றாவது ஆள் ஆனான். காலையில் எழுந்ததும் இருவரும் அந்த எண்ணைத்தான் பேசிக்கொண்டார்கள். தொண்ணூறு, ஐம்பத்தாறு, பத்தொன்பது. பத்தொன்பதோடு அது நின்றுபோனது.

தசராவின் ஏழாம் நாளான சப்தமியன்று மத்தியானம், மகள் ஜில்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மன் பந்தல் வரிசையில் நின்றபோது போன் அடித்தது.

"ஸ்டேஷன்ல நிக்கிறேன். ஜெனரல் பெட்டியில கால் வைக்க இடமில்ல. கதவுகிட்ட ஒருத்தன் கை கொடுக்கிறான்..."

"ஏறிட்டீங்களா?"

கூச்சல், ஊதல் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"ஏங்க, ஏறிட்டீங்களா?"

பந்தலில் மேளம் உச்சத்துக்குப் போனது. அவள் ஒரு காதைத் தோளில் அழுத்திப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை இறுக்கியபடி அசையாமல் நின்றாள். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு முன்னே நகர்ந்தது.