லேப் ஸ்டூல் கேட்ட மடிப்பு

தையல் கம்பெனியின் மூன்றாம் வரிசையில் இருந்த நாற்பத்திரண்டு ஸ்டூல்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வலியில் முனகத் தொடங்கின. மெக்கானிக் ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, "ஆணி எல்லாம் சரியாத்தான் இருக்கு, இதுக்கு டாக்டரைத்தான் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். காரணம் தெரிந்தவள் சூப்பர்வைசர் ஒருத்திதான். மாதவிலக்கு வலி என்று யாராவது எழுந்து போனால் மணிக்கு அறுபது காலர் என்ற இலக்கு தவறும். அதனால் பெயரில்லாத வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வழக்கத்தை ஆறு வருடங்களுக்கு முன் ஆரம்பித்து வைத்தவள் அவள். டாக்டர் சீட்டு என்ற பேச்சே கிடையாது. பெண்கள் அதற்கு மடிப்பு என்று பேர் வைத்தார்கள். முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு தலைவலிக்கு, இடுப்புக்கு, மாமியார் திட்டியதற்கு, கடைசியில் திங்கட்கிழமை என்பதற்கே ஒன்று. விழுங்கிய வலி எங்கேதான் போகும்? உட்கார்ந்த இடத்தில் இறங்கியிருக்கிறது.

மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டு, ஸ்டூல்களைப் பெண்கள் பள்ளியின் அறிவியல் கூடத்துக்குத் தானமாகக் கொடுத்துப் பேர் வாங்கிக்கொண்டார். சூப்பர்வைசரின் மகள் அங்கேதான் எட்டாம் வகுப்பு. "அம்மா, எங்க லேப் ஸ்டூல் பேசுதும்மா. அக்கா, ஒரு மடிப்பு குடுங்கன்னு கெஞ்சுது. மடிப்புன்னா என்னம்மா? யாரு அந்த அக்கா?" என்று கேட்டாள். "எனக்கென்னடி தெரியும்" என்றாள் அம்மா, தட்டிலிருந்து தலை நிமிராமல். பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்ன வெட்கத்தில் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவினாள்.

அடுத்த மாதம் ஒரு காலை, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். அம்மாவின் கை தானாகக் கைப்பைக்குள் போய், மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டியது. மகள் காகிதத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த அக்கா நீதானா?"

"நான்தான்."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி, துண்டு சுற்றிக் கொடுத்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்ட மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் மாத்திரை வைத்திருந்த இழுப்பறையைப் பூட்டினாள். பதினோரு மணிக்குப் பன்னிரண்டு பேர் அவள் மேசை முன்னால் நின்றார்கள். "கை நடுங்குதுக்கா, நூல் கோக்க முடியல. பழக்கினது நீங்கதானே?" என்றாள் காலர் தைப்பவள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள், இருந்தது கெஞ்சல். பன்னிரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்தாள். புது நாற்காலிகளும் அதற்குள் முனகக் கற்றிருந்தன.

பள்ளியில் கேட்டு, லேப்பில் மகள் உட்காரும் ஸ்டூலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அதன் முனகலைக் கேட்டுவிட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அதன் பக்கத்தில் தரையில் உட்காருகிறாள். "அக்கா, ஒரு மடிப்பு" என்கிறது அது. "தப்புதாம்மா" என்கிறாள் இவள். அடுத்த அறையில் மகள் பாடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறாள்.