ஐயாசாமியின் கனம்

உட்காரச் சொன்னபோது கிரகோரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதில் சொன்னான். பெக்கோக் ரயில் நிலையத்துக்கு எதிரே, சீனர் ஒருவர் விட்டுவிட்டு ஓடிய துணிக்கடையில் இந்தியர் சங்கத்தின் அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் டோக்கியோ நேரப்படி பதினொன்று காட்டியது. வெளியே வெயில் என்னவோ ஒன்பதரை மணி வெயிலாகத்தான் இருந்தது. மேசைக்குப் பின்னால் ஜெயபாலன் இருந்தார். சண்டைக்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்தவர். துரைமார்கள் போனபிறகு சங்கத்துக்குச் செயலாளர். சங்கம் திரட்டிய விடுதலைப் படையில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்க் காயத்தோடு திரும்பியவர்களுக்கு மாதம் கொஞ்சம் அரிசியும் உப்பும் கொடுப்பதாக ஏற்பாடு வந்திருந்தது. அரிசியைவிடப் பெரியது அதோடு வரும் சீட்டு. அந்தச் சீட்டு கையில் இருந்தால், கூலிக்கு ஆள் பிடிக்க லாரியில் வருகிறவர்கள் தொடமாட்டார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தோட்டத்து ஆட்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். லாரி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

"முதுகுல எப்படிப்பா அடிபட்டுச்சு?"

"லாரியிலேருந்து விழுந்துட்டேன் கிராணி."

முன்னால் விண்ணப்பப் பாரம் இருந்தும் ஜெயபாலன் பேனாவை மசியில் தொடவில்லை. "இங்க பாரு. சண்டையில பட்ட காயமா, வேற காயமான்னு பாரத்துல கேட்டிருக்கான். விழுந்துட்டேன்னு எழுதினா, பால் மரத்துக்குப் போற வழியில வழுக்கி விழுந்தவனுக்கும் உனக்கும் வித்தியாசம் இல்ல. நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. விமானம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சுட்டானா?"

"சுட்டான்."

"உன் பக்கத்துல யாரு இருந்தா?"

"ஐயாசாமி" என்றான் கிரகோரி. சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. ஐயாசாமி என்ன ஆனான் என்று ஊர் திரும்பி ஐந்து மாதமாக எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். எல்லோரிடமும் அவன் வேறு லாரியில் போனான், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றே சொல்லிவந்தான்.

ஜெயபாலன் நிமிர்ந்து பார்த்தார். "ஐயாசாமி உன்கூடவா இருந்தான்? அவனுக்கு அடிபட்டுச்சா?"

"லாரி எரிஞ்சிருச்சு கிராணி."

"நீ அவனத் தூக்கப் பாத்தியா?"

கிரகோரி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தின் மேல் கானல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை தானாக ஒருமுறை அசைந்தது, அல்லது முதுகு வலியில் கழுத்து அசைந்தது. அது போதுமாக இருந்தது. பேனா காகிதத்தில் கீறும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எழுதி முடித்து, எதிரி விமானத் தாக்குதலில் சிக்கிய தோழரை முதுகில் சுமந்து எரியும் வாகனத்திலிருந்து மீட்க முயன்றபோது முதுகெலும்பில் காயம் என்று ஜெயபாலன் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "அலமாக், அடப்பாவமே, இவ்வளவு நாளா இத மனசுலயே வச்சிருந்தியேப்பா" என்றார். அவர் ஏமாற்றவில்லை. முழுசாக நம்பினார். அந்த நம்பிக்கையின் முன்னால் கிரகோரி குனிந்து, வலியோடு, கையெழுத்துப் போட்டான்.

நடந்தது இதுதான். மலைப்பாதையில் அரிசி மூட்டை ஏற்றிய லாரியின் பின்புறம் நான்கு பேர் இருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டதும் டிரைவர் சடாரென்று நிறுத்தினான். வேறு ஊர்க்காரர்களான இரண்டு பேர் உடனே குதித்துவிட்டார்கள். மூட்டைகள் சரிந்து ஐயாசாமியின் காலை இடுப்புவரை அமுக்கின. "கிரகோரி, ஒரு கை குடுடா" என்றான். பயந்த குரல்கூட இல்லை. தோட்டத்தில் பால் வாளியைத் தலையில் ஏற்றிவிடக் கூப்பிடுகிற குரல். கிரகோரி அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குதித்தான். கீழே பாறை இருந்தது. முதுகில் ஏதோ முறிந்த பிறகு அவனால் அசைய முடியவில்லை என்பது உண்மை. ஆனால் குதிப்பதற்கு முன்னால் அவன் இரண்டு காலில் நன்றாக நின்றுகொண்டிருந்தான் என்பதும் உண்மை. இந்த இரண்டில் எது முதலில் நடந்தது என்பதை மாற்றிப்போட்டு நினைக்க ஆஸ்பத்திரிப் படுக்கையில் பல நாள் முயன்றிருக்கிறான். முடிந்ததில்லை.

பாரத்தில் எழுதியதை ஜெயபாலன் ஒரு வாரத்துக்குள் பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்கள் கூடும் நேரத்தில், எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டார். கிரகோரியின் மனைவி கத்தரின் அதைக் கேட்டுவிட்டு வந்து அவனைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. கலியாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. "ஏன் எங்கிட்டகூடச் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் படுக்கும் இடத்தில் இன்னொரு சாக்கை மடித்துப் போட்டாள். அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கில் அவனுக்குப் பெரிய துண்டு. அவனால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் பேச்சியம்மாள் வந்தாள். ஐயாசாமியின் மனைவி. அதே லயத்து வீட்டு வரிசையில் ஆறு வீடு தள்ளி இருந்தாள். இரண்டு வயதுப் பெண்குழந்தை. இந்த ஐந்து மாதமும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றவள். இப்போது நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு சிரட்டையில் வேப்பெண்ணெய் கொண்டுவந்திருந்தாள். அந்த நாளில் எந்த எண்ணெயும் சுலபமாகக் கிடைக்காது. எதைக் கொடுத்து வாங்கினாள் என்று கத்தரின் பிறகு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"முதுகுல தேச்சுக்குங்கண்ணே" என்று சிரட்டையைக் கீழே வைத்தாள். "வேற லாரியில போனாருன்னு சொன்னீங்களே. எங்கிட்டச் சொல்ல மனசு வராமத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு இப்பப் புரியுது."

கிரகோரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரும்புவதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தவள்போல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தூக்குனப்ப கனமா இருந்தாராண்ணே?"

"என்ன?"

"இல்ல, பட்டினி கெடந்து எளச்சுப் போயிருப்பாரோன்னு. போறப்ப நல்லா ஒடம்பா இருந்தாரு. முதுகுல தூக்குனவங்களுக்குத்தானே தெரியும்."

கத்தரினும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனமாத்தான் இருந்தான்" என்றான் கிரகோரி.

பேச்சியம்மாளின் முகம் தெளிந்தது. "அப்ப வயித்துக்குச் சோறு கெடைச்சிருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடும் என்று கிளம்பினாள். அன்று கத்தரின் அந்த எண்ணெயை முதுகில் தேய்த்தபோது, அவள் கை பட்ட இடமெல்லாம் அவனுக்குக் கூசியது. போதும் போதும் என்றான். வலிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேதக்கோயிலில் சாமியார் இருந்திருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி இறக்கியிருப்பான். குளுவாங்கிலிருந்து வருகிற சாமியார் வந்து ஒரு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் ஜெபமாலை மட்டும் சொல்லிவிட்டுக் கலைந்தது. அங்கேயும் இப்போது அவனுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். இரண்டு ஞாயிறு பொறுத்தான். மூன்றாம் வாரம், இரண்டு மைல் நடந்து, வழியில் நான்கு இடத்தில் நின்று நின்று, பெக்கோக்குக்குப் போனான்.

"அந்தப் பாரத்த மாத்தணும் கிராணி. நான் ஐயாசாமியத் தூக்கல."

ஜெயபாலன் கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கிரகோரி முழுவதையும் சொன்னான். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போவது மட்டும் தெரிந்தது.

"பாரம் சியோனான் தலைமை ஆபீசுக்குப் போயாச்சு" என்றார். "உனக்காக மட்டும் இல்ல. ஐயாசாமி பேரு இவ்வளவு நாளா காணாமப்போனவங்க பட்டியல்ல இருந்துச்சு. காணாமப்போனவன்னா ஓடிப்போனவனாவும் இருக்கலாம்னு அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் குடுக்கல. நீ சாட்சி சொன்னதுனாலதான் சண்டையில செத்தவன்னு மாத்துனேன். அடுத்த மாசத்துலேருந்து அவளுக்கும் அரிசி உண்டு. இப்பப் போய் சாட்சி பொய்னு எழுதினா, ஒன்னோட சீட்டு மட்டுமா போகும்?"

"அவன் செத்தது நெசந்தானே கிராணி."

"பொய்யின்னு ஒருதரம் சொன்னவன் சாட்சிய அப்புறம் எவன் எடுப்பான்?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வா."

திரும்பும்போது பேச்சியம்மாளை வழியிலேயே பார்த்தான். பால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போட்டிருந்த சரிவில், கோணிச்சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தனியாகக் கிழங்கு கல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை வெட்டிப்போட்ட மரத்தின் நிழலில் தூங்கியது. அவனைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு எழுந்தாள். "இந்த முதுக வச்சுக்கிட்டு இவ்வளவு தூரமாண்ணே?"

"நான் அவனத் தூக்கல பேச்சி."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"மூட்டை சரிஞ்சு காலு மாட்டிக்கிச்சு. என்னையக் கூப்பிட்டான். நான் குதிச்சிட்டேன். குதிச்சதுலதான் முதுகு போச்சு."

பேச்சியம்மாள் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அவனுக்காக ஒரு வழி திறந்துவைப்பது போல மெதுவாகக் கேட்டாள். "முதுகு போனதுக்கு அப்புறமாத்தானே கூப்பிட்டாரு?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவள் அதற்காகக் காத்திருக்கிறாள் என்றும் தெரிந்தது.

"இல்ல. முன்னாடி. நான் அப்ப நல்லாத்தான் நின்னேன்."

அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த கிழங்கின் மண்ணை விரலால் உதிர்த்தாள். உதிர்த்து முடித்ததும் அடுத்த கிழங்கை எடுத்து அதையும் உதிர்த்தாள். அழுவாள், திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று எதிர்பார்த்து நின்றவனுக்கு அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை.

"கிராணிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அங்கேருந்துதான் வர்றேன். மாத்துனா உன் அரிசியும் நின்னுடுமாம்."

"அப்ப மாத்தாதீங்க." குரல் தட்டையாக இருந்தது. "எம்பொண்ணுக்குச் சோறு வேணும். யாரு கேட்டாலும் தூக்குனேன்னே சொல்லுங்க. நானும் சொல்றேன்." கிழங்குகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள். "என்னையப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க இனிமே."

அடுத்த மாதம் அரிசி கொடுக்கும் நாளில் கத்தரினுக்குக் குளிர்காய்ச்சல். கிரகோரி தனியாகப் போனான். சங்கத்தின் முன்னால் சியோனானிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் சீருடையில் நின்றார். நம்மவர்தான். ஜெயபாலன் தரையைப் பார்த்தபடி கிரகோரியை முன்னால் அழைத்தார். நடந்ததைத் தன் வாயால் சொல்லச் சொன்னார் அதிகாரி. கிரகோரி சொன்னான். சொல்லச் சொல்ல வாக்கியங்கள் தடங்கலில்லாமல் வந்தன, பாரத்தில் இருந்த அதே சொற்களில். கூட்டத்தின் முன்வரிசையில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இறந்தவரின் மனைவி இவர்தானா என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "இவருதான் எம் வீட்டுக்காரரத் தூக்குனாரு. அவரு கனமான ஆளுங்க."

கூட்டம் கைதட்டியது. யாரோ கிரகோரியின் தோளைத் தொட்டார்கள். அரிசி அளந்து முடிந்தபோது, விஷயம் தெரியாத ஒரு தொண்டர் இரண்டு சாக்கையும் பேச்சியம்மாளிடம் நீட்டி, "அண்ணனால தூக்க முடியாதும்மா, ஒரே லயந்தானே, சேத்துக் கொண்டுபோயிடு" என்றார். வேண்டாம் என்று சொல்ல கிரகோரி வாயெடுப்பதற்குள் அவள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

தோட்டத்துக்குத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடக்க வேண்டும். அவள் முன்னால் போனாள். சிலிப்பர் கட்டைகளில் மாறி மாறி அடிவைத்து, தலையில் ஒரு கையோடு, வேகமாக. அவன் பின்னால் போனான். தூரம் கூடிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே பார்த்தான். கருங்கல் ஜல்லிக்கிடையில் வெள்ளையாக ஓர் அரிசி கிடந்தது. ஓரடி தள்ளி மூன்று. அதற்கப்பால் ஒரு கோடாகவே விழுந்திருந்தது. மேலே இருக்கும் சாக்கா, கீழே இருக்கும் சாக்கா, எது கிழிந்திருக்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. சத்தம் போட்டுச் சொன்னால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இறங்கினான். முதுகில் வலி தீயாக ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரு விரலால் முதல் அரிசியை எடுத்து இடது உள்ளங்கையில் போட்டான். பிறகு அடுத்ததை. கொஞ்சம் நகர்ந்து அதற்கடுத்ததை. வளைவுக்குப் பக்கத்தில் அவள் நின்றுவிட்டது தெரிந்தது. தலைச்சுமையோடு முழு உடம்பாகத் திரும்பி, இவன் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். சுமையை இறக்கவும் இல்லை, வரவும் இல்லை. அவன் குனிந்து, கல்லிடுக்கில் சிக்கியிருந்த ஒரு மணியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.